எவென்னியா முழு வழிகாட்டி: எழுத்துவழி பல்பயனர் விளையாட்டை நிறுவி, கட்டி, வெளியே விடுவது வரை

மட் என்று அழைக்கப்படும் எழுத்துவழி பல்பயனர் விளையாட்டில் படம் கிடையாது. அறையின் வர்ணனை எழுத்தாக வரும். "வடக்கு" என்று தட்டினால் அடுத்த அறை. அங்கே நிற்கும் இன்னொரு ஆட்டக்காரர் பேசினால் அதுவும் எழுத்தாகத்தான் வரும். 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த முதல் மட் காலத்திலிருந்து இந்த அடிப்படை மாறவே இல்லை. பின்னாலிருந்து விளையாட்டை நடத்தும் நிரல்தொகுப்புகள்தாம் வெகுவாக மாறிவிட்டன.

அவற்றுள் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட எவென்னியாவைப் பற்றியது இந்த வழிகாட்டி. 2006-ல் தொடங்கிய திட்டம் இது, 1.0 பதிப்பு 2022-ல் வந்தது. எவென்னியாவில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் பைத்தான் தெரியாததால் தடுமாறுவதில்லை. எந்தத் தகவல் எங்கே வாழ்கிறது என்பது பிடிபடாததால்தான் தடுமாறுகிறார்கள். உங்கள் நிரல் கோப்பில் ஒன்று, தரவுத்தளத்தில் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் நினைவகத்தில் ஒன்று, ஆட்டக்காரரின் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்று. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பிழைகளில் பாதி வருமுன்பே தெரிந்துவிடும். கீழே ஒவ்வொரு படியிலும் இதையே திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவோம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எவென்னியா உங்களுக்குத் தேவையா?

சண்டை, நிலை, மந்திரம், கடை, தயாராக ஒரு நகரம் எல்லாம் முதல் நாளே வேண்டும் என்றால் எவென்னியா சரியான தேர்வு அல்ல. அதற்கு டிக்கூமட் என்ற பழைய மட் நிரல்தொகுப்பின் வழிவந்த டிபிஏமட் இருக்கிறது. சி மொழியில் எழுதப்பட்டது; தொகுத்து ஓடவிட்டால் சில நிமிடங்களில் ஓர் உலகம் எழுந்து நிற்கும். ஆனால் அந்த மரபின் பழைய உரிமம் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. மூல ஆசிரியர்களின் பெயரை நுழைவுத் திரையில் காட்டவும் சொல்கிறது. மேலும் அதன் முன்னோடியான சர்க்கிள்மட் காலத்து உள்ளீட்டு வடிகட்டி, ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத எழுத்துகளை அப்படியே தூக்கி எறிந்துவிடும். தமிழில் தட்டினால் சர்வருக்குப் போய்ச் சேர்வது வெறும் இடைவெளிதான்.

எவென்னியாவின் உரிமம் மூன்று விதி பிஎஸ்டி. விற்கலாம், மாற்றலாம், உங்கள் நிரலை மூடியும் வைத்துக்கொள்ளலாம். எவென்னியாவின் நிரலைப் பிறருக்குக் கொடுக்கும்போது பதிப்புரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது. அது தருவது: இணைப்புகள், கணக்குகள், பாத்திரங்கள், அறைகள், வழிகள், பேச்சுச் சேனல்கள், உதவிப் பக்கங்கள், அனுமதி முறை, ஓர் இணையதளம், உலாவியிலேயே ஆடுவதற்கான வெப்கிளையன்ட். தராதது: ஆட்ட விதிகள். உயிர்ப்புள்ளி என்ற சொல்லே அதன் மையத்தில் கிடையாது. கான்ட்ரிப் என்ற துணைத் தொகுப்பில் முறைமாற்றிச் சண்டை, உடைகள், கைவினை, வரைபடக் கட்டம் போன்றவை இருக்கின்றன. வேண்டியதை மட்டும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். சொந்த விதிகளோடு ஆட்டம் செய்ய நினைப்பவருக்கு இந்த வெறுமைதான் பெரிய வசதி. பிறர் எழுதிய விதிகளைப் பிடுங்கி எறியும் வேலை மிச்சம்.

நிறுவுதல்

பைத்தான் 3.11 அல்லது 3.12 வைத்துக்கொள்ளுங்கள். மிகப் புதிய பைத்தான் வந்தவுடன் அதற்குத் தாவ வேண்டாம்; எவென்னியா நம்பியிருக்கும் ட்விஸ்டெட், ஜாங்கோ என்ற நிரலகங்கள் இரண்டும் சேர்ந்து ஒத்துவர வேண்டும். உங்கள் கணினியில் பழகிப் பார்ப்பதற்குத் தனி வசதி எதுவும் வேண்டாம். வெளியே விடும்போது 1 ஜிபி நினைவகமுள்ள சிறிய வாடகை சர்வரில் தொடங்கலாம்.

1. விளையாட்டுக்கென ஒரு தாய் அடைவை உருவாக்கி அதற்குள் போங்கள்.

2. பைத்தானின் வென்வ் மூலம் ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்யுங்கள். டெர்மினலை மூடித் திறந்தால் மறுபடியும் ஆக்டிவேட் செய்தாக வேண்டும். "எவென்னியா என்ற கட்டளை இல்லை" என்று மறுநாள் காலை வரும் செய்திக்கு நூற்றுக்குத் தொண்ணூறு முறை இதுதான் காரணம்.

3. பைத்தானின் பொதி நிறுவியான பிப்பைக் கொண்டு: "பிப் இன்ஸ்டால் எவென்னியா". லினக்ஸில் தொகுக்கும்போது பிழை வந்தால் சி தொகுப்பானும் பைத்தானின் டெவ் பொதியும் நிறுவப்படவில்லை என்று பொருள். விண்டோஸில் நிறுவி முடித்ததும் ஒருமுறை "பை -எம் எவென்னியா" என்று ஓட்டுங்கள்; அதன்பிறகு வெறும் "எவென்னியா" வேலை செய்யும்.

4. "எவென்னியா --இனிட்" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் ஆட்டத்தின் பெயர். அந்தப் பெயரில் ஓர் அடைவு உருவாகும். இனி எல்லாக் கட்டளைகளையும் அந்த அடைவுக்குள் நின்றுதான் தர வேண்டும்.

5. "எவென்னியா மைக்ரேட்". தரவுத்தள அட்டவணைகள் இப்போதுதான் உருவாகின்றன. இதை விட்டுவிட்டுத் தொடங்கினால் "அப்படியோர் அட்டவணை இல்லை" என்ற நீண்ட பிழை வரும். பயப்பட வேண்டாம், மைக்ரேட் செய்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

6. "எவென்னியா ஸ்டார்ட்". முதல் முறை, எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பின்னாளில் கடவுச்சொல் மறந்தால் "எவென்னியா சேஞ்ச்பாஸ்வேர்ட்" இருக்கிறது.

டெல்நெட் (எழுத்தாகவே பேசும் பழைய இணைப்பு முறை) வழி 4000 போர்ட்டிலும், உலாவி வழி 4001 போர்ட்டிலும் ஆட்டம் கிடைக்கும். உலாவிக் கிளையன்ட் சர்வரோடு தொடர்ந்து பேசும் இணைப்பான வெப்சாக்கெட்டுக்கு 4002. இவை தவிர 4005, 4006 இரண்டும் உள்வேலைக்கானவை. அவற்றை வெளியுலகுக்கு ஒருநாளும் திறக்கக் கூடாது. தொடங்கும்போது "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று வந்தால், சரியாக நிறுத்தப்படாத பழைய எவென்னியா ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் "எவென்னியா ஸ்டாப்" கொடுத்துப் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் லிம்போ என்ற ஒரே அறையில் நிற்பீர்கள். அதன் எண் 2. உங்கள் பாத்திரத்தின் எண் 1. இந்த இரண்டையும் அழிக்காதீர்கள். வீடிழந்த பொருள்களும் பாத்திரங்களும் வந்து விழும் இடம் லிம்போதான்.

போர்ட்டலும் சர்வரும்

எவென்னியாவைத் தொடங்கினால் இரண்டு புராசஸ்கள் ஓடும். போர்ட்டல் ஆட்டக்காரர்களின் இணைப்புகளைப் பிடித்துக்கொள்கிறது. சர்வரில்தான் உங்கள் ஆட்டம் நடக்கிறது. இரண்டும் 4006 வழியாகப் பேசிக்கொள்கின்றன.

இந்தப் பிரிவினையின் அருமை ரீலோட் செய்யும்போது தெரியும். நிரலைத் திருத்திவிட்டு ஆட்டத்துக்குள்ளிருந்தே "ரீலோட்" என்று தட்டினால் சர்வர் மட்டும் நின்று மீண்டும் எழும். போர்ட்டல் அசையாது; ஆட்டக்காரர் யாரும் துண்டிக்கப்படுவதில்லை. ஐம்பது பேர் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பிழையைத் திருத்திவிட முடிகிறது. வேறெந்த வசதியைவிடவும் இதற்காகவே எவென்னியாவைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதன் மறுபக்கம்: போர்ட்டலைச் சேர்ந்த அமைப்புகளை மாற்றினால் ரீலோட் போதாது. போர்ட் எண், இணைப்பு முறை போன்றவற்றை மாற்றிவிட்டு "ஏன் நடக்கவில்லை" என்று குழம்ப வேண்டாம். "எவென்னியா ரீபூட்" கொடுங்கள். அது இரண்டையும் நிறுத்தித் தொடங்கும், எல்லோரும் துண்டிக்கப்படுவார்கள்.

"எவென்னியா -எல்" என்று தட்டினால் இரண்டின் பதிவுகளும் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை செய்யும்போது ஒரு டெர்மினல் ஜன்னலை இதற்கென்றே திறந்து வையுங்கள். ஆட்டத்துக்குள் "ஏதோ பிழை" என்று மட்டும் தெரியும். எந்தக் கோப்பு, எந்த வரி என்பது இங்கேதான் தெரியும்.

டைப்கிளாஸ்: கோப்புக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே

ஆட்ட அடைவுக்குள் கமாண்ட்ஸ், டைப்கிளாசஸ், வேர்ல்ட், வெப், சர்வர் என ஐந்து உள்ளடைவுகள். முதல் மூன்றில்தான் உங்கள் நாள் கழியும். அமைப்புக் கோப்பு சர்வர் அடைவின் கான்ஃப் பகுதியில். தரவுத்தளமும் சர்வர் அடைவுக்குள்தான். தொடக்கத்தில் எஸ்கியூலைட், ஒரே கோப்பு.

டைப்கிளாஸ் என்பது பைத்தான் கிளாஸ்தான். ஆனால் அதிலிருந்து உருவாகும் ஒவ்வொரு பொருளும் தரவுத்தளத்தில் ஒரு வரிசையாகப் பதிகிறது. பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பது கோப்பில் இருக்கிறது. அதன் நிலை தரவுத்தளத்தில் இருக்கிறது. கோப்பைத் திருத்தி ரீலோட் செய்தால் ஏற்கெனவே இருக்கும் ஆயிரம் வாள்களும் புதிய நடத்தைக்கு மாறிவிடும். நிலை மாறாது.

புதியவர்கள் எல்லோரும் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. "அட் ஆப்ஜெக்ட் கிரியேஷன்" என்ற செயல்கூறு ஒரு பொருள் பிறக்கும்போது ஒரே ஒரு முறைதான் ஓடும். பாத்திரத்துக்கு வலிமை 10 என்று அதில் எழுதி ரீலோட் செய்வார்கள். தங்கள் பாத்திரத்தைச் சோதித்தால் வலிமையே இருக்காது. அந்தப் பாத்திரம் முன்பே பிறந்துவிட்டது, அவ்வளவுதான். தீர்வு இரண்டு. "அப்டேட்" கட்டளையால் அந்தப் பொருளுக்குப் பிறப்புச் செயல்கூற்றை மறுபடி ஓட்டலாம். அதைவிட நல்லது, அட்ரிபியூட் ப்ராபர்ட்டி என்ற வசதியால் கிளாஸின் உடலிலேயே இயல்பு மதிப்பை எழுதிவிடுவது. பழைய பாத்திரங்களுக்கும் அது தானாகக் கிடைக்கும். தொடக்கத்திலிருந்தே இரண்டாவது வழியைப் பழகுங்கள்.

தகவலை வைக்க இரண்டு கைப்பிடிகள்: "டிபி", "என்டிபி". முதலாவது தரவுத்தளத்துக்குப் போகும், என்றும் நிலைக்கும். இரண்டாவது நினைவகத்தில் மட்டும். ரீலோட் செய்தால் போய்விடும். யாரைக் குறிவைத்துச் சண்டை போடுகிறோம், கடைசியாக எந்தப் பட்டியலைக் காட்டினோம் போன்றவை என்டிபிக்கு. பணமும் பையும் டிபிக்கு. ஒரு பொருளை வகைப்படுத்தித் தேட வேண்டியிருந்தால் டிபியில் வைக்காமல் டேக் (அடையாளச் சீட்டு) போடுங்கள். டேக் வழித் தேடல் வேகமானது. அட்ரிபியூட்டின், அதாவது டிபியில் வைத்த தகவலின், மதிப்பை வைத்துத் தேடுவது அப்படியல்ல.

கட்டளை எழுதுதல்

ஒவ்வொரு கட்டளையும் ஒரு கிளாஸ். அதில் கீ என்பது ஆட்டக்காரர் தட்டும் சொல், அலையாசஸ் மாற்றுச் சொற்கள், லாக்ஸ் யார் பயன்படுத்தலாம் என்பது, ஃபங்க் என்ற செயல்கூறு உண்மையான வேலை. எழுதி முடித்ததும் கமாண்ட்ஸ் அடைவிலுள்ள இயல்புக் கட்டளைத் தொகுப்புக் கோப்பைத் திறந்து, கேரக்டர் கட்டளைத் தொகுப்பில் சேர்த்து, ரீலோட் செய்ய வேண்டும். சேர்க்க மறந்தால் நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆட்டத்தில் தெரியாது.

கட்டளைக்குப் பின் ஆட்டக்காரர் தட்டியது ஆர்க்ஸ் என்ற பெயரில் வரும். முன்னால் உள்ள இடைவெளியோடு சேர்ந்தே வரும். அதை நீக்காமல் ஒப்பிட்டால் "விளக்கு" என்பதும் இடைவெளியோடு கூடிய "விளக்கு" என்பதும் வேறு வேறு. பெயரை வைத்துப் பொருளைத் தேட காலரின் (கட்டளையைத் தட்டியவரின்) செர்ச் செயல்கூறு போதும். கிடைக்காவிட்டால் அதுவே ஆட்டக்காரருக்குச் செய்தி சொல்லிவிட்டு வெறுமையைத் திருப்பும். நீங்கள் சத்தமில்லாமல் வெளியேறினால் சரி. அதற்கு மேலும் ஒரு பிழைச் செய்தி அனுப்பினால் ஆட்டக்காரர் இரண்டு முறை திட்டு வாங்குவார்.

உங்கள் கட்டளைக்குள் பைத்தானின் ஸ்லீப்பை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். சர்வர் முழுவதும் ஒரே இழையில் ஓடுகிறது. ஒருவர் மந்திரம் சொல்லும்போது ஐந்து விநாடி தாமதம் வேண்டும் என்று ஸ்லீப் போட்டால், அந்த ஐந்து விநாடியும் ஆட்டத்திலுள்ள அத்தனை பேரும் உறைந்து நிற்பார்கள். தாமதத்துக்கு டிலே என்ற பயன்பாட்டுச் செயல்கூறு இருக்கிறது. கட்டளைக்குள்ளேயே என்றால் யீல்ட் போட்டு விநாடி எண்ணிக்கையைத் தரலாம். ஆனால் யீல்ட்டில் காத்திருக்கும் கட்டளை ரீலோட்டைத் தாண்டி உயிர்வாழாது. இணையத்திலிருந்து எதையாவது இழுத்து வருவதும், பெரிய கோப்பைப் படிப்பதும் இதே வகைக் குற்றம்தான்.

சோதிக்கும்போது நினைவில் வையுங்கள்: சூப்பர்யூசருக்கு எந்தப் பூட்டும் கிடையாது. "எனக்கு வேலை செய்கிறதே" என்று நீங்கள் சொல்லும்போது மற்றவர்களுக்குக் கதவே திறக்காமல் இருக்கலாம், அல்லது பூட்டியிருக்க வேண்டிய கதவு எல்லோருக்கும் திறந்திருக்கலாம். "குவெல்" கட்டளை உங்கள் அதிகாரத்தைத் தற்காலிகமாக இறக்கிவைக்கும். அதைவிட, சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் ஆடிப் பார்ப்பதே நம்பகமானது.

ஒரு கைவிளக்கை முழுமையாகச் செய்வோம்

இருபது நிமிடம் எரியும் விளக்கு. பற்றவைக்கலாம், அணைக்கலாம், மிச்ச எண்ணெய் நினைவில் நிற்க வேண்டும், தீர்ந்தால் தானே அணைய வேண்டும். சிறிய பொருள்தான். ஆனால் எவென்னியாவின் எல்லா அடுக்குகளையும் இது தொடுகிறது.

முதலில் தோன்றும் வழி: எண்ணெய் 1200 என்று டிபியில் வைத்து, ஒவ்வொரு விநாடியும் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றை விளக்கில் பொருத்தி, ஒன்று ஒன்றாகக் குறைப்பது. இதைச் செய்யாதீர்கள். டிபியில் எழுதும் ஒவ்வொரு முறையும் அது தரவுத்தளத்துக்குப் போகிறது. முந்நூறு விளக்குகள் எரிந்தால் விநாடிக்கு முந்நூறு முறை எழுத வேண்டும். யாருமே பார்க்காத விளக்குக்கும் இதே செலவு.

சரியான வழி, குறைப்பதை விட்டுக் கணக்கிடுவது. விளக்குக்கு இரண்டு மதிப்புகள் போதும்: எண்ணெய், பற்றவைத்த நேரம். பற்றவைக்கும்போது நேரத்தைப் பதியுங்கள். யாராவது விளக்கைப் பார்க்கும்போது, எண்ணெயிலிருந்து கழிந்த நேரத்தைக் கழித்து மிச்சத்தைச் சொல்லுங்கள். அணைக்கும்போது மிச்சத்தை எண்ணெயில் எழுதி, பற்றவைத்த நேரத்தை வெறுமையாக்குங்கள். இருபது நிமிடத்தில் தரவுத்தளத்தைத் தொடுவது இரண்டு மூன்று முறைதான்.

எந்தக் கடிகாரம் என்பது அடுத்த கேள்வி. சுவர்க்கடிகார நேரத்தை எடுத்தால், பராமரிப்புக்காக சர்வரை ஒரு மணி நேரம் நிறுத்தும்போது எல்லோருடைய விளக்கும் தீர்ந்துபோகும். கேம்டைம் தொகுதியிலுள்ள ரன்டைம், சர்வர் ஓடிய விநாடிகளை மட்டும் எண்ணுகிறது. அதையே எடுங்கள்.

இனி தானாக அணைவது. பற்றவைத்தவுடன், மிச்ச விநாடிகளைக் கொடுத்து டிலே ஒன்றை அழைக்கவும்; பெர்சிஸ்டன்ட் என்பதை உண்மை என்று வைத்தால் ரீலோட்டையும் தாண்டும். இதற்கு ஒரு நிபந்தனை: நீங்கள் தரும் செயல்கூறு கோப்பின் மேல்மட்டத்தில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். லாம்டாவோ (பெயரில்லாச் செயல்கூறு) இன்னொரு செயல்கூற்றுக்குள் எழுதியதோ என்றால் அதை பைத்தானின் பிக்கிள் வடிவில் சேமிக்க முடியாது.

ஆட்டக்காரர் விளக்கை அணைத்துவிட்டு மீண்டும் பற்றவைத்தால்? பழைய டிலே இன்னும் காத்திருக்கும். புதியது ஒன்றும் சேரும். பழையது முதலில் வந்து எரியும் விளக்கை அணைத்துவிடும். ரத்து செய்யத் துரத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டிலேக்கு விளக்கோடு கூட, அந்த முறை பற்றவைத்த நேரத்தையும் கொடுத்தனுப்புங்கள். அது திரும்பி வரும்போது விளக்கில் இப்போது பதிந்திருக்கும் நேரத்தோடு ஒப்பிடட்டும். வேறாக இருந்தால் அது பழைய தீ; ஒன்றும் செய்யாமல் போய்விடலாம். ஒன்றாக இருந்து மிச்சம் 1 விநாடிக்குமேல் இருந்தால், சர்வர் நடுவில் நின்றிருக்கிறது என்று பொருள். டிலேயின் காலக்கெடு சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதால் சீக்கிரம் வந்துவிட்டது. மிச்ச விநாடிக்கு இன்னொரு டிலே வையுங்கள். இல்லையென்றால் எண்ணெயைப் பூஜ்ஜியமாக்கி, விளக்கு இருக்கும் இடத்துக்குச் செய்தி அனுப்பி அணைக்கலாம். பூஜ்ஜியத்தோடு நேராக ஒப்பிடாதீர்கள். நேரம் தசம எண்ணாக வருவதால் 0.02 போன்ற மிச்சம் நிற்கும்.

பயிர் வளர்வது, காயம் ஆறுவது, கடைச் சரக்கு நிரம்புவது எல்லாவற்றையும் இதே அச்சில் செய்யலாம்.

உலகம் கட்டுதல்

ஆட்டத்துக்குள்ளிருந்தே கட்டலாம். "டிக் சமையலறை = வடக்கு;வ, தெற்கு;தெ" என்றால் சமையலறை என்ற அறை, இங்கிருந்து அங்கே போக வடக்கு, அங்கிருந்து திரும்பத் தெற்கு, இரண்டுக்கும் சுருக்கப் பெயர்கள். அறை வர்ணனைக்கு "டெஸ்க்", பொருளுக்கு "கிரியேட்", பூட்டுக்கு "லாக்". நீரூற்றை யாரும் தூக்கிப் போகாமலிருக்க அதன் கெட் பூட்டுக்கு ஃபால்ஸ் என்று கொடுங்கள். "கெட் எர் எம்எஸ்ஜி" என்ற அட்ரிபியூட்டில் ஒரு வாக்கியம் வைத்தால் எடுக்க முயல்பவருக்கு அது தெரியும். சாவி இருந்தால் மட்டும் திறக்கும் வழிக்கு டிராவர்ஸ் பூட்டில் ஹோல்ட்ஸ் என்ற சோதனை.

வழிகளுக்குப் பெயர் வைக்கும்போது கவனம். எவென்னியாவில் வழியும் ஒரு கட்டளைதான், அதுவும் முன்னுரிமை கூடிய கட்டளை. ஒரு கோபுர ஜன்னலுக்கு "பார்" என்று சுருக்கப் பெயர் வைத்து, உங்கள் பார்க்கும் கட்டளையும் "பார்" என்றே இருந்தால், அந்த அறையில் சுற்றிப் பார்க்க நினைத்தவர் ஜன்னல் வழியே வெளியே போய்விடுவார்.

பத்து அறைக்கு மேல் போனால் கையால் கட்டாதீர்கள். வேர்ல்ட் அடைவில் ஒரு தொகுப்புக் கோப்பை வைத்து, கட்டளைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவே எண்குறியில் (#) தொடங்கும் ஒரு குறிப்பு வரி விட்டு, "பேட்ச்கமாண்ட்" மூலம் ஓட்டுங்கள். அதே கோப்பை இரண்டாம் முறை ஓட்டினால் உலகம் இரட்டிப்பாகும். ஒரே பெயரில் இரண்டு சமையலறைகள். எனவே கட்டும் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பகுதியின் பெயரை டேக்காகப் போட்டு, மறுபடி ஓட்டுமுன் அந்த டேக் உள்ளதையெல்லாம் தேடி அழித்துவிடுங்கள். உள்ளே நிற்கும் ஆட்டக்காரர்கள் தங்கள் இல்லத்துக்கு அனுப்பப்படுவார்கள், காணாமல் போகமாட்டார்கள்.

தமிழில் ஆட்டம் நடத்த

எல்லா மொழி எழுத்துகளையும் பதியும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தை எவென்னியா இயல்பாகப் பேசும். வர்ணனை, கட்டளைச் சொல், உதவிப் பக்கம் எல்லாம் தமிழில் இருக்கலாம். ஆனால் தமிழுக்கே உரிய சில இடறல்கள் உண்டு.

கணக்குப் பெயர் தமிழில் ஏற்கப்படாது. பெயரைச் சோதிக்கும் விதிகள் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை. பைத்தானின் ரீஜெக்ஸில் (எழுத்துகளைத் தேடும் பாங்கு) சொல்லெழுத்தைக் குறிக்கும் குறியே "தமிழ்" என்பதில் "தம" வரைதான் எடுக்கும். கணக்குப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பாத்திரத்தின் பெயர் தமிழில் இருக்கட்டும். அதற்கு கேரக்டர் கிளாஸில் பெயரை லத்தீன் எழுத்தாக்கும் "நார்மலைஸ் நேம்" செயல்கூற்றை நீங்கள் மாற்றியெழுத வேண்டும். உங்கள் சொந்த நிரலில் பாங்குகள் எழுதினாலும் சொல்லெழுத்துக் குறியை நம்பாமல், இடைவெளியை வைத்தே பிரியுங்கள்.

கட்டளைச் சொற்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கக்கூடியவை. "பேசு" கட்டளை "பேசுவோம்" என்று தட்டியதையும் விழுங்கலாம். கட்டளையின் ஆர்க் ரீஜெக்ஸில், சொல்லுக்குப் பின் இடைவெளியோ வரி முடிவோ வந்தாக வேண்டும் என்று கொடுத்துவிடுங்கள்.

"கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. "கொடி" என்று தட்டியும் கொடி கிடைக்கவில்லை என்று ஒருவர் புகார் சொன்னால் இதைச் சந்தேகியுங்கள். உள்ளே வரும் ஒவ்வொரு வரியையும், நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு பெயரையும் யூனிகோடுடேட்டா தொகுதியின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

அட்டவணைகளில் கட்டம் நேராக நிற்காது. "தமிழ்" கண்ணுக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து. திரையின் இயல்பான 78 எழுத்து அகலக் கணக்கும் இப்படியே தவறும். பொருள் பட்டியலை அட்டவணையாக வரையாமல், வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்.

இயல்புக் கட்டளைகள் தரும் ஆங்கில வாக்கியங்கள் மொழி அமைப்பை மாற்றினால் மட்டும் தமிழாகிவிடா. பார், எடு, போடு, கொடு, சொல், பை ஆகிய ஆறையும் முதலில் சொந்தமாக எழுதுங்கள். சாதாரண ஆட்டக்காரரின் கண்ணில் படும் ஆங்கிலத்தில் பெரும்பகுதி அதோடு மறையும். ஆட வருபவர்களுக்கு வெப்கிளையன்டையே பரிந்துரையுங்கள். எழுத்துருவை உலாவி பார்த்துக்கொள்ளும். மட்லெட் என்ற மட் கிளையன்டைப் பயன்படுத்துபவர்கள் அதன் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 ஆக வைக்க வேண்டும்.

வெளியே விடுதல்

சர்வரில் ஏற்றியதும் முதலில் அமைப்புக் கோப்பில் லாக்டவுன் மோடை இயக்கிவையுங்கள். அந்தக் கணினியிலிருந்து மட்டுமே இணைக்க முடியும். எல்லாம் சரியானபின் எடுத்துவிடலாம். அலவுட் ஹோஸ்ட்ஸில் உங்கள் டொமைன் பெயர். கடவுச்சொற்களும் ரகசியச் சாவியும் சீக்ரெட் செட்டிங்ஸ் கோப்பில். அதை கிட்டில் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி) ஏற்றாதீர்கள். பிழைதேடுவதற்கான டீபக் அமைப்பு அணைந்தே இருக்கட்டும். அது இயங்கினால் ஜாங்கோ ஒவ்வொரு தரவுத்தளக் கேள்வியையும் நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே போகும், சர்வர் மெல்ல வீங்கும்.

டெல்நெட்டில் கடவுச்சொல் மறைகுறியாக்கப்படாமல் போகிறது. உலாவி வழியை எச்டிடிபிஎஸ் ஆக்க, முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை இடையாளாக வைத்து 4001, 4002 இரண்டையும் அதன் வழியே விடுங்கள். இணையதளம் திறக்கிறது, வெப்கிளையன்ட் மட்டும் இணையவில்லை என்றால், வெப்சாக்கெட் முகவரி இன்னும் பாதுகாப்பற்ற முறையில் இருக்கிறது. பாதுகாப்பான பக்கத்திலிருந்து அதை உலாவி தடுத்துவிடும். வெப்சாக்கெட் கிளையன்ட் யுஆர்எல் அமைப்பில் டபிள்யூஎஸ்எஸ் என்று தொடங்கும் முழு முகவரியைக் கொடுங்கள்.

இன்னொன்று கண்டுபிடிக்கச் சிரமமானது. என்ஜின்எக்ஸ் உண்மையான முகவரியைக் கடத்தாவிட்டால் எல்லா ஆட்டக்காரர்களும் ஒரே முகவரியிலிருந்து வருவதாக எவென்னியா நினைக்கும். தவறான கடவுச்சொல்லுக்கும் புதுக் கணக்குக்கும் முகவரிவாரியாகத் தடை உண்டு. இயல்பாக 10 நிமிடத்தில் ஒரு முகவரிக்கு இரண்டே கணக்குகள். திறப்பு நாளில் மூன்றாவதாக வருபவர் நுழைய முடியாமல் திரும்பிவிடுவார். எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார் தலைப்பை என்ஜின்எக்ஸ் அனுப்புகிறதா, அப்ஸ்ட்ரீம் ஐபிஸ் அமைப்பில் அதன் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சிறிய ஆட்டத்துக்கு எஸ்கியூலைட் போதும். இணையதளமும் ஆட்டமும் ஒரே சர்வர் புராசஸில் இருப்பதால் ஒன்றோடொன்று மோதாது. வெளியிலிருந்து வேறு நிரல்களும் அதே தரவைத் தொட வேண்டிய நிலை வந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தளத்துக்கு மாறுங்கள்.

காப்புநகல்: ஆட்ட அடைவுக்கு கிட், தரவுத்தளத்துக்குத் தினமும் ஒரு நகல். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை வெறுமனே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் சிக்கலாம். எஸ்கியூலைட்டின் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எவென்னியாவைப் புதுப்பிக்கும் வரிசை: நகல் எடு, பிப்பில் அப்கிரேட் செய், மைக்ரேட், ரீபூட். எடுத்த நகல் உண்மையில் மீளுமா என்பதை மாதம் ஒருமுறை சோதிக்க, இன்னொரு அடைவில் கிட்டிலிருந்து ஆட்டத்தை இறக்கி, தரவுத்தள நகலை சர்வர் அடைவுக்குள் வைத்து, கிட்டில் இல்லாத சீக்ரெட் செட்டிங்ஸ் கோப்பைச் சேர்த்து, போர்ட் எண்கள் எல்லாவற்றையும், உள்வேலைப் போர்ட்கள் உட்பட, மாற்றித் தொடங்குங்கள். ஒரு சாதாரணக் கணக்கில் நுழைந்து பையைத் திறந்து, விளக்கில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பாருங்கள்.